இம்பீட் என்றொரு குற்றம்

ஸ்டேடியத்தின் மேற்குச் சுவரில், குடிநீர்க் குழாய்க்குப் பக்கத்தில்தான் ரிசல்ட் ஒட்டுவார்கள். பசை காய்வதற்குள் கூட்டம் மொய்த்துவிடும். அன்றைக்கு எண்ணூறு மீட்டர் ஹீட்ஸ் ஓடி முடித்து, ஸ்பைக்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வியர்வை வாடையும் பசை வாடையும் கலந்த அந்தக் கூட்டத்துக்குள் நானும் தலையை நுழைத்தேன்.

என் பெயரை மேலிருந்து தேடினேன். காணோம். முத்துச்செல்வி என்கிற பெயர் கடைசி வரியில் இருந்தது. ஓடிய நேரத்தை எழுதவேண்டிய இடத்தில் டி.க்யூ. என்று இரண்டு எழுத்து. அதற்குப் பக்கத்தில் ஓர் ஆங்கில வார்த்தை.

டி.க்யூ. என்றால் தகுதி நீக்கம். ஓட்டக்காரிக்கு அது தெரியாமல் இருக்குமா? அந்த இன்னொரு வார்த்தைதான் புதுசு. எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். இம்பீடிங். கேரளத்துப் பொன்முடி மலையிலும் அடிவாரத்து வித்துராவிலும் மலையாளத்தில் படித்துவிட்டு, வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவளுக்கு ஆங்கிலம் அப்போது தூரத்து விருந்தாளி மாதிரி. வரும், உட்காரும், காபி குடிப்பதற்குள் போய்விடும்.

எங்கள் ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல் கோச் லீலாம்மா டீச்சர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"டீச்சரே, இது என்ன வார்த்தை?"

"தடசம்," என்றார். மலையாளத்தில் தடை என்று அர்த்தம். பிறகு எனக்காகத் தமிழுக்கு மாறினார். அவர் தமிழ் பாதி வழியில் மலையாளத்தில் இறங்கிவிடும். "நீ அந்தப் பொண்ணை ஓட விடாம தடுத்துன்னு எழுதியிருக்கு மோளே. எந்தினா, எதுக்கு நீ வலது பக்கம் மாறினே? ஆரு சொல்லி மாறினே?"

எனக்கு வந்ததே ஒரு கோபம்! நானா தடுத்தேன்? பிறந்ததிலிருந்து அன்றைக்கு வரை ஒருத்தர் வழியை மறித்தவளில்லை நான். வழி விட்டதற்காகத்தான் எனக்கு அந்தப் பட்டம் கிடைத்தது என்றால் நம்புவீர்களா? சொல்கிறேன், கேளுங்கள்.

பனிக்குள் கேட்கும் கால்

பொன்முடிக்கு வந்துபோகிறவர்களுக்குக் கொண்டை ஊசி வளைவு தெரியும், பனி தெரியும், அந்தப் பனியில் நின்று எடுத்த போட்டோ இருக்கும். எங்கள் லைன் வீடுகள் அந்தப் போட்டோவில் வராது. ரோட்டிலிருந்து கீழே, தேயிலைக்கு நடுவில், ஒரே கூரையை ஏழெட்டுக் குடும்பம் பங்கு போட்டுக்கொள்ளும் வீடுகள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து எப்போதோ வந்தவர்களின் பேரன் பேத்திகள் நாங்கள்.

லைனிலிருந்து கொழுந்து எடை போடுகிற ஷெட்டுக்கு ஓர் ஒற்றையடிப் பாதை. அதைத் தாண்டித்தான் பஸ் நிற்கிற ரோடு. பாதைக்கு இடது பக்கம் மேடு, செடி. வலது பக்கம் பள்ளம். அந்தப் பாதையில் ஒரு சட்டம் உண்டு. பாரம் தூக்கி வருகிறவர்களுக்கு மேட்டுப் பக்கம். வெறுங்கையாய்ப் போகிறவர்கள் பள்ளத்துப் பக்கமாய் ஒதுங்கவேண்டும்.

இதை யாரும் எழுதி ஒட்டவில்லை. எழுதத் தேவையும் இல்லை. தலையில் கொழுந்து மூட்டையோடு ஒருத்தி நடந்து வருகிறபோது, அவளை ஒரு நிமிஷம் நிறுத்திப் பாருங்கள். மறுபடி கால் எடுப்பதற்குள் கழுத்து நரம்பு இழுத்துக்கொள்ளும், கண்ணில் தண்ணீர் வந்துவிடும். ஆகவே அவள் நிற்கக்கூடாது. நீதான் விலகவேண்டும்.

மழைக்காலத்தில் பனி இறங்கினால் நீட்டிய கை தெரியாது. அப்போதெல்லாம் கண்ணுக்கு வேலையில்லை, காதுக்குத்தான் வேலை. பின்னால் காலடி கேட்கும். பாரத்தோடு வருகிற காலடி தனி. அழுத்தமாய், தட்டையாய் விழும், கூடவே மூச்சு இரையும். அது கேட்டதும் வலது பக்கம் ஓர் எட்டு. அம்மா எனக்கு நடக்கக் கற்றுக்கொடுத்தபோதே இதையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்துவிட்டாள்.

"காலடி கேட்டா யோசிச்சுக்கிட்டு நிக்காதட்டி. ஒதுங்கு," என்பாள்.

பஸ்ஸைப் பிடிக்க அந்தப் பாதையில்தான் தினமும் ஓடினேன். பஸ் நமக்காக நிற்காது, கொஞ்சம் பஸ்களே வருகிற ஊரில் கேட்கவே வேண்டாம். ஓடிப் பிடித்த பஸ்தான் என்னை வித்துரா பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனது. அங்கே ஸ்போர்ட்ஸ் டேயில் வெறுங்காலோடு ஓடினதைப் பார்த்துத்தான் திருவனந்தபுரம் ஹாஸ்டலில் இடம் கொடுத்தார்கள். எங்கள் லைனிலிருந்து ஓடியே பட்டணத்துக்கு வந்த முதல் பெண் நான்தான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

அந்த ஓர் எட்டு

இனி அந்த ஹீட்ஸ். மாநில அளவிலான ஜூனியர் போட்டி. முதல் இரண்டு பேர் பைனலுக்குப் போவார்கள். இரண்டாவது சுற்றில், எதிர்ப்பக்க நேர்கோட்டில், நான் இரண்டாவது ஆளாக உள்பக்கக் கோட்டை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தேன். இடது கைப் பக்கம் புல். வெயிலில் அந்த ரப்பர் தளம் பிசுபிசுவென்று இளகி, டயர் கடை வாசல் மாதிரி மணந்தது.

பின்னால் ஒரு காலடி. அழுத்தமாய், தட்டையாய், மூச்சு இரைக்க. பைத்தியக்காரக் காது என் காது! பந்தயம் என்று அதற்குத் தோன்றவில்லை, மூட்டை என்று தோன்றிவிட்டது. வலது பக்கம் ஓர் எட்டு வைத்தேன். வைத்தேன் என்பதுகூடச் சரியில்லை, கால் வைத்துவிட்டது.

அங்கே பின்ஸி வந்துகொண்டிருந்தாள். கோட்டயத்துப் பெண், நெடுநெடுவென்று உயரம். வெளிப்பக்கமாய் என்னை முந்த வந்தவள்மேல் என் தோள் இடித்து, அவள் குப்புற விழுந்தாள். முழங்கால் இரண்டும் ரத்தம். எனக்குப் பின்னால் மூச்சிரைக்க வந்தாளே, அந்த மகராசி நான் திறந்துவிட்ட வழியில் சுகமாய் உள்ளே போய்விட்டாள்.

விழுந்த பின்ஸியை ரெஃபரி பைனலுக்கு அனுப்பினார். அது நியாயம்தான். என்னை டி.க்யூ. ஆக்கினார்.

இதில் போனது ஒரு ஹீட்ஸ் மட்டும் என்றால் அழுது முடித்திருப்பேன். ஹாஸ்டலில் வருஷா வருஷம் ஆளைச் சலிப்பார்கள். மாநிலப் போட்டியில் ஏதாவது ஓர் ஓட்டத்தில் முதல் மூன்றுக்குள் வந்தால் நம் கட்டில் நமக்கு. இல்லாவிட்டால் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலை ஏறவேண்டியதுதான்.

மலை ஏறினால் என்ன, அங்கிருந்து படிக்கக்கூடாதா என்பீர்கள். படிக்கலாம், பஸ் வந்தால். பஸ் வராத நாளில் கொழுந்துக்குப் போகலாம். பஸ் வராத நாட்கள் கூடிக்கூடி என் வயசுப் பிள்ளைகள் பலர் படிப்பை அப்படியே விட்டிருந்தார்கள். எண்ணூறுதான் என் ஓட்டம். அது போயிற்று. மீதி இருந்தது மறுநாளைய ஆயிரத்து ஐந்நூறு மட்டும். அதற்கு டீச்சர் ஒப்புக்குத்தான் என் பெயரைக் கொடுத்திருந்தார்.

மாமாவின் வாதம்

அன்றைக்கு என் ஓட்டத்தைப் பார்க்க மாரிமுத்து மாமா வந்திருந்தார். அம்மாவின் தம்பி. திருவனந்தபுரம் ஆரியசாலைக் கடைத்தெருவில் மொத்தக் கடைகளுக்கு மூட்டை இறக்கி ஏற்றுகிறவர். மல்லி, வற்றல், வெல்லம் என்று அவர் சட்டையை மோந்து பார்த்தே அன்றைக்கு எந்தக் கடையில் வேலை என்று சொல்லிவிடலாம்.

அந்தச் சந்துகளில் நடந்திருக்கிறவர்களுக்குத் தெரியும். தலையில் மூட்டையோடு ஒருவர் "வழி, வழி" என்று வந்தால், சாமான் வாங்க வந்தவர்களும் ஒதுங்குவார்கள், கடை முதலாளியும் ஒதுங்குவார், சமயத்தில் ஸ்கூட்டரும் ஒதுங்கும். அது இல்லாமல் அந்தத் தெருவில் ஒரு மூட்டை நகராது. மாமாவின் சோறே பிறத்தியார் ஒதுங்குவதில்தான் இருந்தது. அவரிடம் போய், ஒதுங்கினதற்காக என்னைத் தூக்கிவிட்டார்கள் என்றால் சும்மா இருப்பாரா?

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நேரே ரெஃபரி மேஜைக்குப் போய்விட்டார். டீச்சர் கூப்பிடக் கூப்பிடக் கேட்கவில்லை.

"சாரே, எங்க பிள்ள யாரையும் தள்ளல. அது ஒதுங்குச்சு. வழி விட்டுச்சு சாரே!"

ரெஃபரி கனத்த கண்ணாடி போட்ட மனிதர். கோபித்துக்கொள்ளவில்லை. மலையாளத்தில் நிதானமாய்ச் சொன்னார். இந்தப் பெண் வேண்டுமென்று செய்யவில்லை என்பதை அவரும் நம்புகிறாராம். ஆனால் மற்றப் பெண் விழுந்தாளா இல்லையா? விழுந்தவளைத்தான் சட்டம் பார்க்கும், இடித்தவள் மனசுக்குள் போய்ப் பார்க்காது என்றார்.

"பின்னே? ஒதுங்குனதுக்கா சாரே தண்டனை? எங்க தெருவில போய் இதைச் சொன்னா சிரிப்பாங்க, கேட்டோ!"

"அதுக்கு உங்க தெருவில ரேஸ் இல்லல்லோ," என்றார் ரெஃபரி, பாதித் தமிழில்.

மாமா துண்டை மறுபடி உதறிப் போட்டுக்கொண்டார். திரும்பி வந்து, "ஆளு நல்ல ஆளுதான், சட்டம்தான் கெட்ட சட்டம்," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, கொண்டுவந்த நேந்திரம்பழத்தை எனக்குப் பதிலாக அவரே உரித்துத் தின்றார்.

குழாயடியில் பின்ஸி முழங்காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முறைத்தாள். எதற்காக என்னைத் தள்ளினாய் என்று மலையாளத்தில் கேட்டாள். தள்ளவில்லை, பின்னால் வந்தவளுக்கு வழி விட்டேன் என்றேன்.

"வழியோ? ரேஸிலோ?" என்றாள். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் பாருங்கள், ரத்தம் ஒழுகுகிற காலோடு! "நினக்கு வட்டாணு," என்றாள். உனக்குப் பைத்தியம் என்று அர்த்தம். எனக்கும் சிரிப்பு வந்தது, சிரிப்போடு அழுகையும் வந்தது. அவள் தன் துண்டைக் கொடுத்தாள், அதில்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

லத்தீன்காரன் கால்

கொஞ்சம் இந்தக் காலத்துக்கு வாருங்கள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கிடைத்த அரசு ஆபீஸ் வேலை எனக்கு. விடுமுறை நாட்களில் போட்டிகளுக்கு அம்பயராய்ப் போகிறேன். வளைவில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, யாராவது யாரையாவது இடித்தால் மஞ்சள் கொடி தூக்கவேண்டும். பிறகு நடந்ததை ரிப்போர்ட்டில் எழுதவேண்டும். எழுதுகிற வார்த்தை என்னவென்று நினைக்கிறீர்கள்? அதேதான்.

அடிக்கடி எழுதுகிற வார்த்தை, அது எங்கிருந்து வந்ததென்று தெரியவேண்டாமா என்று ஒருநாள் ஆபீஸில் மதியச் சாப்பாட்டு வேளையில் போனைத் தட்டிப் பார்த்தேன். ஆச்சரியமாய் இருந்தது. இம்பீட் லத்தீன் வார்த்தையிலிருந்து வந்ததாம், ரோமாபுரிக்காரர்கள் பேசிய பாஷை. "இம்" என்றால் உள்ளே. "பெட்" என்றால் கால். காலை ஒன்றுக்குள் மாட்டி வைப்பது, தளை பூட்டுவது. அதுதான் வார்த்தையின் முதல் அர்த்தம். போகப்போக, காலே இல்லாத விஷயங்களுக்கும் அதைச் சொல்ல ஆரம்பித்து, எது முன்னேறினாலும் அதைத் தடுப்பதற்கெல்லாம் இம்பீட் என்றாகிவிட்டது.

சைக்கிள் பெடலில் இருப்பதும் அதே கால். நம் பாதத்துக்குக்கூட அந்தக் காலோடு பழைய காலத்துச் சொந்தம் உண்டென்று போட்டிருந்தது. சைக்கிள் மிதிக்கிறபோதெல்லாம் இனி சொந்தக்காரர் ஞாபகம் வரும்.

இன்னொரு வேடிக்கை. ஆபீஸில் மேலதிகாரி தினமும் "பைலை எக்ஸ்பெடைட் பண்ணுங்க" என்பார், சீக்கிரம் நகர்த்தச் சொல்கிறார். அதிலும் அதே கால்தான் ஒளிந்திருக்கிறது, தளையைக் கழற்றிவிட்ட கால். ஆகவே ஒரே பைலில் மேலே எக்ஸ்பெடைட், கீழே இம்பீட்! கழற்றச் சொல்கிறவர் ஒருவர், பூட்டுகிறவர்கள் நாங்கள் பத்துப் பேர்.

ரோமாபுரிப் பட்டாளத்தின் மூட்டை முடிச்சுகளுக்கும் இதே குடும்பத்தில் ஒரு பெயர் இருந்ததாம், இம்பெடிமென்டா. காலைத் தாமதிக்க வைக்கிற சாமான்கள். படித்ததும் எங்கள் பாதைதான் கண் முன்னால் வந்தது. பாரம் தூக்கினவள் காலை அவள் பாரம் பிடித்து இழுக்கிறது, வேறு யாரும் அதற்குமேல் இழுக்கக்கூடாது. அதற்காகத்தானே நாங்கள் ஒதுங்கினோம்.

தமிழில் தளை பூட்டுவதற்கு நாம் வைத்திருக்கிற வார்த்தையைச் சொல்லவா? கால்கட்டு. கல்யாணத்துக்குத்தான் அந்தப் பெயரைக் கொடுத்திருக்கிறோம். அன்றைக்கு ஸ்டேடியத்தில் மாமாவும் அதைத்தான் சொன்னார். "சரி விடு பிள்ள, மலைக்குப் போனா உங்கம்மா ஒரு கால்கட்டப் போட்டு விட்டுருவா." தமாஷுக்குத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பின்னாளில் நான் அதை என் சௌகரியத்துக்கு, என் இஷ்டப்படி போட்டுக்கொண்டேன். என் வீட்டுக்காரர் இதைப் படிப்பார், படிக்கட்டும்.

அம்மா இறங்கி வந்தாள்

டி.க்யூ. ஆன மறுநாள் காலை ஹாஸ்டல் கேட்டில் அம்மா நின்றுகொண்டிருந்தாள்!

மாமா எஸ்டேட் கடைக்குப் போன் போட்டிருக்கிறார். அங்கிருந்து லைனுக்கு ஆள் போய்ச் சொல்லியிருக்கிறது. அம்மா முதல் பஸ்ஸைப் பிடித்து, வித்துராவில் மாறி, வந்து சேர்ந்துவிட்டாள். என் ஓட்டத்தை அவள் பார்த்ததே இல்லை. நல்ல சேலை கட்டியிருந்தாள், மேலே ஸ்வெட்டர். திருவனந்தபுரத்து வெயிலில் ஸ்வெட்டர்! கழற்றச் சொன்னால், "இருக்கட்டும், புது எடத்துல என்ன இருக்குமோ," என்றாள். கையில் தூக்குப்போணியில் அவித்த மரச்சீனிக் கிழங்கும் காந்தாரி மிளகாய்த் துவையலும்.

ஹாஸ்டல் வாசல் மரத்தடியில் உட்கார்ந்தோம். அம்மா அதிகம் பேசுகிறவளில்லை. சூப்பர்வைசர் வந்தாலும் ஒதுங்குவாள், கோயில் கூட்டத்திலும் ஒதுங்குவாள், பஸ்ஸில் சீட் இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

"என்னட்டி தப்புப் பண்ணினே? தம்பி போன்ல என்னமோ இங்கிலீசுல சொன்னான்."

"பின்னால காலடி கேட்டுச்சும்மா. ஒதுங்கிட்டேன்."

அம்மா தூக்குப்போணி மூடியைத் திறந்தாள், மூடினாள்.

"பாரத்தோடயா வந்தா?"

"ரேஸ்லம்மா? எல்லாரும் வெறுங்கைதான்."

"பொறவு எதுக்குட்டி ஒதுங்கினே?"

அம்மா விடவில்லை.

"பாரத்துக்குத்தானே ஒதுங்கச் சொன்னேன்? ரெண்டு பேரும் வெறுங்கைன்னா முன்னால போறவ போவா, பின்னால வாரவ வருவா. நம்ம பாதையிலயும் அப்படித்தானே. கண்டவளுக்கெல்லாம் ஒதுங்கச் சொல்லி நான் ஒன்னைய வளத்தேனா?"

அம்மா இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை. முகம் சிவந்திருந்தது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. இவ்வளவு சரியான சட்டத்தை வைத்திருக்கிறவளின் மகள்தானே நான், பாதியைக் காலில் வைத்துக்கொண்டு மீதியை மறந்துவிட்டேன்.

ஆனால் ஒன்று. தலைக்குப் புரிந்துவிட்டது. காலுக்கு யார் சொல்வது? அதற்கு அந்தச் சட்டம் பழகிப் பல வருஷம் ஆகிவிட்டது. ஆயிரத்து ஐந்நூறு தொடங்கச் சில மணி நேரம்தான் இருந்தது. மரச்சீனியைத் தின்றுகொண்டே யோசித்தேன். ஒரு வழி தெரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

கடைசி ஆள்

ஆயிரத்து ஐந்நூறுக்கு ஹீட்ஸ் இல்லை, நேரே பைனல். துப்பாக்கி வெடித்ததும் எல்லாரும் உள்பக்கத்துக்குப் பாய்ந்தார்கள். நான் பாயவில்லை. எல்லாரையும் போக விட்டேன். கடைசி ஆள் எனக்கு முன்னால் போனதும் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு ஓட ஆரம்பித்தேன்.

என் வழி அவ்வளவுதான். எனக்குப் பின்னால் யாரும் இல்லையென்றால் காலடி எங்கிருந்து கேட்கும்?

முதல் சுற்று, கடைசி. இரண்டாவது சுற்று, அப்போதும் கடைசி. டீச்சர் புல்வெளி ஓரமாய்க் கூடவே ஓடி வந்தார். "எடீ! எந்தாடீ நினக்கு? காலு வய்யே? கேறிப் போடீ!" என்று கத்தினார். கால் முடியவில்லையா, முன்னேறிப் போ என்று கெஞ்சாத குறை. கேலரியில் அம்மாவுக்குப் பக்கத்திலிருந்து மாமாவின் குரல், "ஏ செல்வி, மானத்த வாங்காத பிள்ள!" பின்ஸி கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு, முழங்காலில் பிளாஸ்திரியோடு நின்றிருந்தாள். என் பைத்தியம் முற்றிவிட்டதென்று நினைத்திருப்பாள்.

நான் காதை மட்டும் கவனித்தேன். முன்னால் காலடிகள். பின்னால் ஒன்றுமில்லை. எத்தனை சுகமாய் இருந்தது தெரியுமா! உள்பக்கத்தில் அவர்கள் முழங்கையால் முட்டிக்கொண்டு ஓட, பின்னால் நான் பஸ்ஸுக்குப் போகிற மாதிரி ஓடினேன்.

கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தது. வெளிப்பக்கம் வந்தேன், இரண்டாவது லேனுக்கு. கொஞ்சம் தூரம் அதிகம்தான், இருக்கட்டும். ஒருத்தியைத் தாண்டினேன், அடுத்தவளைத் தாண்டினேன். எதிர்ப்பக்க நேர்கோட்டில் ஒரு கும்பலையே தாண்டினேன். முந்தின நாள் பின்ஸி விழுந்த இடம் காலுக்குக் கீழே போனது, குனிந்துகூடப் பார்க்கவில்லை. தாண்டினவர்கள் எல்லாம் சோர்ந்துபோயிருந்தார்கள், யாருடைய காலடியும் என்னைத் தொடரவில்லை. வளைவு முடிகிறபோது எனக்கு முன்னால் இரண்டே பேர்.

மூன்றாவது! அந்த இடம் போதும் எனக்கு. அங்கேயே ஓடிப் போய்ச் சேர்ந்தால் கட்டில், படிப்பு, எல்லாம் என் கையில். முன்னால் போகிறவர்களைப் பிடிக்கத் தெம்பில்லை. பின்னால் யாரும் வராமல் இருந்தால் போதும் சாமி என்று மனசு வேண்டிக்கொண்டது.

அப்போதுதான் கேட்டது. பின்னால் காலடி. அழுத்தமாய், தட்டையாய், மூச்சு இரைக்க. பாலக்காட்டுப் பெண் ஒருத்தி, நான் தாண்டி வந்தவள்தான், மறுபடி உயிர் பிடித்து வந்துகொண்டிருந்தாள். எனக்கு நேர் பின்னால்.

என் வலது கால் கேட்டுவிட்டது. அது என்னிடம் கேட்காமலே வலது பக்கம் சாயப் பார்த்தது. உடம்பு அந்தப் பக்கம் திரும்பத் தொடங்குவது எனக்கே தெரிகிறது, நிறுத்தத் தெரியவில்லை. பள்ளத்துப் பக்கம், ஓர் எட்டு. அதை வைத்தால் முடிந்தது.

கேலரியிலிருந்து ஒரு குரல் வந்தது. அந்தக் குரலை நான் அப்படிக் கேட்டதே இல்லை. லைனில் கொழுந்துக் காட்டில் எத்தனையோ பேர் கூவி அழைப்பார்கள், அதில் அது இருந்ததில்லை. தொண்டை கிழிய, மொத்த ஸ்டேடியத்துக்கும் கேட்க, ஸ்வெட்டர் போட்ட ஒரு பொம்பளை கம்பியைப் பிடித்து எழுந்து நின்றுகொண்டு கத்தினாள்.

"வெறுங்கைதான்ட்டி! செல்வி, வெறுங்கைதான் வாரா!"

பக்கத்தில் இருந்த மலையாளிகள் அவளைத் திரும்பிப் பார்த்தார்களாம். என்ன சொல்கிறாள் இந்த அம்மா என்று மாமாவிடம் ஒருவர் கேட்டாராம். மாமாவுக்கே விளங்கவில்லையாம். டீச்சருக்கும் விளங்கவில்லை.

என் காலுக்கு விளங்கியது. நேராய்ப் போனேன். பாலக்காட்டுப் பெண் என் தோளுக்குப் பக்கத்தில் வந்தாள், அவள் மூச்சு என் கழுத்தில் பட்டது, இரண்டு பேரும் வெறுங்கை, நான் என் கோட்டிலேயே ஓடினேன். கோட்டைத் தாண்டும்போதும் நான் மூன்றாவதுதான்.